ஆறு பங்கான கைத்துப்பாக்கி

இன்ஸ்பெக்டர் என் மேஜைமீது கோணிப்பையைக் கவிழ்த்தபோது முதலில் உருண்டு வந்தது ஒரு பித்தளைக் குழாய். ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிக நீளம். ஒரு முனை திறந்திருந்தது, மறுமுனை மூடியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். துப்பாக்கி மருந்து வாசனை இல்லை, சவுக்கு விறகுப் புகைதான் வந்தது.

குழாயைத் தொடர்ந்து வில்போல் வளைந்த ஒரு பட்டை, சிறு கிண்ணம் மாதிரி ஒரு மூடி, பாம்புபோல் நெளிந்த ஒரு தகடு, சுண்டுவிரல் தடிமனில் நூலால் கட்டிய இரண்டு குட்டிக் குழல்கள் எல்லாம் விழுந்தன. அத்தனையும் பித்தளை. வெள்ளிக்கிழமைக் குத்துவிளக்குபோல மின்னின.

“இதான் சார் துப்பாக்கி,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“எது?”

“எல்லாம் சேர்ந்து.”

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு நான் என்ன வேலை பார்த்தேன் என்பது அலுத்துப்போன செய்தி. இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகத்தில் சுங்க மதிப்பீட்டாளன். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பது என்ன, எப்போது செய்தது, என்ன விலை பெறும் என்று எழுதுவது என் பிழைப்பு. சாக்லெட், சவரக்கத்தி, பியானோ, பாடம்செய்த முதலை, எது வந்தாலும் இந்த மூன்று கேள்விகள்தாம்.

அந்தத் துப்பாக்கி கப்பலில் வந்ததல்ல, எங்கள் அலுவலகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்திலிருந்து அதே மூன்று கேள்விகளைக் கேட்டு ஒரு கடிதம் வந்திருந்தது. என் மேலதிகாரி அதை ஒருமுறை படித்தார். “நீர் காலேஜில் சரித்திரம் படித்தவர்தானே?” என்று என் பக்கம் தள்ளினார். சரித்திரம் படித்ததால் எனக்கு அலுவலகத்தில் கிடைத்த ஒரே மரியாதை அது.

சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அலுவலகத் தாள்களின் தலையில் இருந்த கிரீடத்தைப் பேனாவால் அடித்துவிட்டு அதன் கீழேயே எழுதிக்கொண்டிருந்தோம். தாள் வீணாகக் கூடாதல்லவா.

ஊதாங்குழல்

எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்தில் கள்ளச்சாராயம் தேடிப் போலீசார் ஒரு நாள் வீடு வீடாகப் புகுந்தார்கள். சாராயம் கிடைக்கவில்லை. ஏழுமலை என்ற மீனவரின் வீட்டில் அவர் மனைவி ஒரு பித்தளைக் குழாயால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். மூடிய முனைக்குப் பக்கத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதன் வழியாகக் காற்று சீறிக்கொண்டு போகும், நெருப்பு உடனே பற்றிக்கொள்ளும். அந்தக் குப்பத்திலேயே சிறந்த ஊதாங்குழல் அதுதான் என்று அவளுக்குப் பெருமை.

தேடப் போன ஏட்டு ஒருவர் பட்டாளத்தில் இருந்தவர். குழாயை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார். அத்தோடு அடுப்பு அணைந்தது.

விசாரித்ததில் மற்றவையும் வந்தன. வில்போன்ற பட்டையில் இன்னொரு வீட்டில் தூளி கட்டியிருந்தது. கிண்ண மூடி வேறொரு வீட்டில் குங்குமச் சிமிழாகியிருந்தது. இப்படி ஐந்து வீடுகளில் ஐந்து உருப்படிகள். ஐவரும் ஒரே கட்டுமரத்தில் போகிறவர்கள். கழிமுகத்தில் போட்ட வலையில் ஒரு துப்பாக்கி சிக்கியது, கட்டை உளுத்துப் போயிருந்ததால் அதை எறிந்துவிட்டுப் பித்தளையைப் பங்கு போட்டுக்கொண்டோம் என்று ஐவரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

இதில் புதிர் ஒன்றும் இல்லை. வலையில் வருவது எதுவானாலும் மரத்தில் போனவர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. மீனைக் கூறு போடுகிறவனுக்குத் துப்பாக்கியைக் கூறு போடுவது பெரிய காரியமல்ல.

ஆனால் ஆயுதச் சட்டம் எழுதியவர்கள் மீன்பிடிக்கப் போனதில்லை. அந்தச் சட்டத்தில் ஆயுதத்தின் பாகமும் ஆயுதமே. ஒருவர் வீட்டில் முழுதாக வைத்திருந்தால் குற்றவாளி ஒருவர். ஒழுங்காகப் பங்கு போட்டதால் ஐவர்.

“அதுமட்டுமில்ல சார்,” என்றார் இன்ஸ்பெக்டர். “முழுசா வெச்சிருந்தா ஏதோ தெரியாம வெச்சிருந்தான்னு விடலாம். பிரிச்சு அஞ்சு வீட்ல வெச்சிருக்கானுங்க. இது பிளான்.”

பித்தளைக்கு வயது கிடையாது

விஷயம் ஒரே முடிச்சில் நின்றது. பழைய காலத்து முறையில் செய்தது, இனிச் சுட உதவாது, பழம்பொருள் என்ற அளவில்தான் மதிப்பு என்றால், அதை ஆயுதமாகக் கொள்ள வேண்டியதில்லை என்று விதிகளில் ஓர் இடம் உண்டு. துப்பாக்கி கிழடு என்று நிரூபித்தால் ஐவரும் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் சிறைக்கு.

நான் அளந்தேன், எடை போட்டேன், படம் வரைந்தேன். குழாயின் உட்புறம் வழவழப்பு, மரை ஓடவில்லை. மருந்தையும் குண்டையும் வாய்வழியாகப் போட்டுக் கெட்டிக்கும் வகை. பக்கவாட்டுத் துளை வழியாக நெருப்பு உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும். இவ்வளவும் எழுதிவிட்டு நிமிர்ந்தால் இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

“இந்த மாதிரி நாட்டுத் துப்பாக்கி போன மாசம்கூட ரெண்டு புடிச்சேன். கொல்லன் இப்பவும் செய்றான். இது பழசுன்னு எப்படிச் சொல்வீங்க?”

சொல்ல முடியவில்லை. இரும்பு துருவேறும், மரம் உளுக்கும், இரண்டும் தம் வயதைத் தாமே சொல்லிவிடும். பித்தளையைப் புளி போட்டுத் துலக்கினால் அன்று பிறந்த பிள்ளை. குப்பத்துப் பெண்கள் ஐந்து உருப்படியையும் புளியும் செங்கல் பொடியும் வைத்து மாதக்கணக்கில் தேய்த்திருந்தார்கள். குழாயின் மேல் பட்டறை முத்திரை ஏதாவது இருந்திருந்தால் அது எப்போதோ சாம்பலோடு போயிருக்கும். வீட்டைச் சுத்தமாக வைத்திருந்ததற்காக ஒருவன் சிறைக்குப் போக நேர்வதை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

சாட்சிப் பொருளை அலுவலகத்துக்கு வெளியே எடுத்துப் போகக்கூடாது. ஆனால் மதிப்புப் போடும்போது அந்தச் சரக்கைத் தெரிந்த வணிகரை உள்ளே அழைத்துக் கருத்துக் கேட்கலாம். ஞானமுத்து அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்பினேன்.

அண்ணாச்சி ராயபுரம் ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் உடைந்த கப்பல்களின் சாமான்களை வாங்கி விற்பவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இருபது வருடமாகியும் மெட்ராஸ் பேச்சு அவர்மேல் ஒட்டவில்லை. குழாயை எடுத்து நகத்தால் சுண்டினார். கிண்ண மூடியை உள்ளங்கையில் வைத்து மூடிப் பார்த்தார்.

“சார், இது கப்பல்ல உள்ளதுலா. உப்புக் காத்துக்குத் துரு பிடிக்கக் கூடாதுன்னு பித்தளையில செஞ்சிருக்கான். ஆபீசரு யாரோ இடுப்புல சொருவியிருப்பான்.” மேஜையை ஒரு சுற்றுப் பார்த்தார். “பூட்டை எங்க?”

“எந்தப் பூட்டு?”

“என்ன சார், படிச்சவாள்! கல்லை இரும்புல தட்டிப் பொறி கெளப்புமே, அந்த மிசினு. அதைத்தான் பூட்டுன்னு சொல்லுதது. அதோட தகட்டுலதான் செஞ்ச எடம், வருசம் எல்லாம் வெட்டியிருப்பான். பூட்டு இல்லன்னா இது வெறும் குழாயி.”

“விலை?”

“பூட்டோட தந்தா நூறு ரூவாக்கு நானே எடுத்துக்கிடுதேன். பூட்டு இல்லன்னா எடைக்கு எடை. நாலு ரூவா. அதுவும் உங்க மூஞ்சிக்காவ.”

“விற்கப் போவதில்லை அண்ணாச்சி. மதிப்புத்தான் போட வேண்டும்.”

“மதிப்பு வேற, வெல வேறயா? சரிதான், சர்க்கார் ஆபீசுல்லா.”

ஸ்டேஷன்ல மீனா கீது?

பூட்டு எங்கே என்று இன்ஸ்பெக்டருக்கு எழுதினேன். ‘முதல் எதிரி ஏழுமலையின் வாக்குமூலத்தின்படி அது கடலில் விழுந்துவிட்டது’ என்று பதில் வந்தது. (போலீஸ் தமிழில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்.) நான் பயணப்படிக்கான தாளைப் பூர்த்தி செய்துவிட்டு நெட்டுக்குப்பத்துக்குப் போனேன்.

காலடிப்பேட்டையில் குடியிருந்த எனக்கு எண்ணூர் ஒன்றும் தூரமில்லை. ரயிலிலிருந்து இறங்கி மணலில் நடந்தேன். கழிமுகத்திலிருந்து உப்பும் சேறும் கலந்த நெடி. கட்டுமரங்கள் கடலில் இருக்க வேண்டிய நேரம். ஒரு மரம் மட்டும் கட்டு அவிழ்க்கப்பட்டு வெயிலில் காய்ந்தது. அதன்மேல் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், தோளில் வலைக்கயிறு அறுத்த தழும்புகள்.

“இன்னா சார் திர்ப்பித் திர்ப்பிக் கேட்டுகினு. பூட்டு கடல்ல பூட்ச்சு. ஏட்டு கைல அப்பவே சொல்ட்டேன்.”

“எந்த இடத்தில்?”

“கடல்லனா கடல்ல. கடல்ல இன்னா தெருப் பேரா எயுதி வெச்சிக்கிறாங்க?”

ஜாமீனில் வந்த ஐவரும் தினமும் காலை ஆறு மணிக்குக் காவல் நிலையத்தில் கைநாட்டு வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. மரம் கடலுக்குப் போகாமல் மூன்று வாரம் ஆகியிருந்தது.

“ஆறு மணிக்கு நாங்கோ கடல்ல இர்க்கணும் சார். இவுனுங்க ஸ்டேஷனுக்கு வான்றானுங்கோ. ஸ்டேஷன்ல மீனா கீது?”

நான் சொன்னேன். “பூட்டு கிடைத்தால் கேஸ் நிற்காது. அதில் வருஷம் வெட்டியிருக்கும்.”

ஏழுமலை கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். சற்றுத் தள்ளிக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் மூக்கால் சிரித்தாள்.

“கடல்ல பூட்ச்சாம்.”

“நீ சும்மா கெட தேசம்மா,” என்றார் ஏழுமலை, திரும்பாமலே.

யாரோட பங்கு?

மூன்றாம் நாள் அந்தத் தேசம்மாள் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். மீன் விற்று முடித்த காலிக் கூடை இடுப்பில். பியூன் தடுத்ததையும், அவள் அவனை என்ன சொல்லித் தாண்டி வந்தாள் என்பதையும் இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது.

கூடையின் அடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள்.

“இத்தத்தான தேடிகினு கீற?”

ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த பித்தளைத் தகடு. அதன் மேல் துருவேறி உருத்தெரியாமல் போன இரும்பு முண்டு ஒன்று. ஓரங்களில் இன்னும் சிப்பிகள் ஒட்டியிருந்தன. நடுவில் மட்டும் துலக்கியிருந்தாள்.

“மொதல்ல கல்லு மாரி கெட்ந்துச்சு. ஒரு வாரம் புளித்தண்ணில போட்டேன். உள்ள ஒரு வெத்தலை வந்துச்சு பாரு. வெத்தலை மேல நாலு போட்டுக்கீது. அது இன்னா நாலு?”

அவள் வெற்றிலை என்றது கிழக்கிந்தியக் கும்பினியாரின் முத்திரை. இதய வடிவம், உள்ளே எழுத்துகள், தலையில் நாலு என்ற எண் போன்ற ஒரு குறி. கும்பினியின் மூட்டைகளிலும் காசுகளிலும் அதைப் படங்களில் பார்த்திருக்கிறேன். அதன் பக்கத்தில் நான்கு எண்கள். கடைசி எண் அரித்துப் போயிருந்தது. முதல் மூன்று எண்களே போதும், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பத்து வருடங்களுக்குள். குழாயை அலமாரியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். குழாயின் துளையும் தகட்டில் மருந்து வைக்கும் சிறு குழியும் சரியாகச் சேர்ந்தன.

துப்பாக்கி நூற்றைம்பது வயதைத் தாண்டியிருந்தது. எனக்குச் சந்தோஷம். அடுத்த நிமிடமே நடைமுறை ஞாபகம் வந்தது.

“இதை நீங்கள் கொடுத்ததாக எழுதினால், ஆறாவது ஆளாக உங்கள் பெயரும் கேஸில் சேரும்.”

“சேருட்டும்.”

“தேவையில்லை அம்மா. வேறு வழி இருக்கிறது. கண்டெடுத்த பொருள்களுக்கு இங்கே ஒரு பதிவேடு உண்டு. வராந்தாவில் யாரோ விட்டுவிட்டுப் போனதாக எழுதிக்கொள்கிறேன். துப்பாக்கியின் வயது தெரிந்துவிடும். உங்களை யாரும் கேட்க மாட்டார்கள்.”

அவள் யோசித்தாள். “அப்போ இது யாரோட பங்கு?”

“யாருடையதும் இல்லை.”

“அதத்தான் எங்க மாமாவும் சொல்லிகினு கீறாரு,” என்றாள்.

மாமா என்றது ஏழுமலையை. அவள் கணவன் அவருடைய தம்பி. அதே மரத்தில் போய்க்கொண்டிருந்தவன். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசியில் கடலோடு போய்விட்டான். கடலில் செத்தவனின் பெண்டாட்டிக்கு மரத்தில் அரைப் பங்கு உண்டு. பையன் வளர்ந்து மரம் ஏறும்வரை அது நடக்கும். தேசம்மாளுக்கு ஒரு பெண் குழந்தைதான். பெண் மரம் ஏறுவதில்லை. ஆகவே அரைப் பங்கு எதுவரை என்பதற்கு வழக்கத்தில் பதில் இல்லை. ஒரு வருடம் கொடுத்துவிட்டு ஏழுமலை தாமே ஒரு பதிலைக் கண்டுபிடித்தார். நிறுத்திவிட்டார்.

“அன்னிக்கு வலைல இது வந்துச்சு. அஞ்சு பேரும் மணல்ல குந்திகினு பிரிச்சிகினு கீறாங்கோ. நான் போயி நின்னேன். எம் பங்கு இன்னாச்சுன்னேன். எல்லாம் சிரிச்சானுங்கோ. இந்தா உன் பங்குன்னு இந்தக் கல்லத் தூக்கிப் போட்டாரு மாமா. கலீஜா கெட்ந்துச்சு, எவனுக்கும் வேணாம். நான் எட்த்துகினேன். தமாசுக்குக் குடுத்தாலும் பங்குதான? நாலு பேரு பாக்கக் குடுத்தது.”

“அதனால்தான் அவர் கடலில் விழுந்ததாகச் சொல்கிறார்?”

“கேட்டா என்னிய ஸ்டேஷனுக்கு இஸ்துகினு போவாங்கோன்னுதான் சொன்னேன்றாரு. அது மெய்தான். நல்ல மன்சன்தான். ஆனா கடல்ல பூட்ச்சுன்னா எம் பங்கும் கடல்ல பூட்ச்சு. அதுவும் மெய்தான்.”

நான் பேனாவை எடுத்தேன். பொருள் எப்படிக் கிடைத்தது என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். “ஏழுமலை கொடுத்தார் என்று போடலாமா? அன்பளிப்பாக?”

“எவன் குட்த்தான் அன்பளிப்பு? பங்குன்னு எயுது.”

‘பங்கு’ என்று எழுதினேன்.

“படி.”

படித்தேன். கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தாள். மீதி மையை என் மேஜை ஓரத்தில் துடைத்தாள். அந்தக் கறை நான் மாற்றலாகிப் போகும்வரை இருந்தது.

என்ன, எப்போது, என்ன பெறும்

என் அறிக்கை ஒன்றரைப் பக்கம். கப்பல் அதிகாரிகள் வைத்திருந்த சிக்கிமுக்கிக் கல் வகைக் கைத்துப்பாக்கி. கும்பினி முத்திரையும் ஆண்டும் தகட்டில் உள்ளன. கட்டை இல்லை, விசைச்சுருள் துருவாகிவிட்டது, பழுது பார்த்தாலும் சுட உதவாது. மதிப்பு: பாகங்கள் ஆறும் சேர்ந்திருந்தால் பழம்பொருளாக நூறு ரூபாய், தனித்தனியாக இருந்தால் பித்தளையாக நான்கு ரூபாய்.

கடலிலிருந்து கிடைக்கும் பொருள்களை அதற்கென்று இருக்கும் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்று வேறொரு சட்டம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதினால் உத்தியோகத்தில் நீடிக்க முடியாது.

இன்ஸ்பெக்டர் தம் கடமையைச் செய்தார். தேசம்மாள் ஆறாவது எதிரியானாள். விசாரணை நாள்வரை அவளும் தினமும் காலையில் கைநாட்டு வைக்கப் போனாள். ஆண்கள் ஐவர் முன்னால், அவள் பத்தடி பின்னால். ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்று ஏட்டு சொன்னார்.

நீதிமன்றத்தில் நான் சாட்சி சொல்லி முடித்ததும் மாஜிஸ்ட்ரேட் தகட்டைக் கையில் எடுத்தார். வயதானவர், நிதானமானவர். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம். இந்தத் தகடு அந்தத் துப்பாக்கியுடையதுதானா? ஏழுமலை பூட்டு கடலில் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அது உண்மையானால் தேசம்மாள் கொண்டுவந்தது வேறு ஏதோ பழைய சாமான். குழாயின் வயதுக்கு ஆதாரம் போய்விடும், வழக்கு நிலைத்துவிடும்.

ஏழுமலையைக் கூப்பிட்டார். “பூட்டு கடலில் விழுந்தது என்று சொன்னாயே?”

“பொய் சொன்னேன் சாமி.”

“ஏன்?”

“பொம்பளய ஸ்டேஷனுக்கு இஸ்துகினு போவாங்கோன்னுதான் சாமி.”

“சரி. துப்பாக்கியைப் பிரித்தது நீங்கள் ஐவர். இந்தப் பூட்டு அவளிடம் எப்படிப் போயிற்று?”

ஏழுமலை தோளிலிருந்த துண்டை எடுத்தார். கழுத்தைத் துடைத்தார். சும்மா தூக்கிப் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம், அதுவும் பொய்யாக இருக்காது. ஆனால் என் அறிக்கையோடு இணைத்திருந்த தாளில் ‘பங்கு’ என்று எழுதியிருந்தது. மாஜிஸ்ட்ரேட்டின் விரல் அந்தச் சொல்லின்மேல் இருந்தது. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் என்ன ஆகும் என்பது நான்கு வாரம் ஸ்டேஷன் திண்டாட்டம் பார்த்தவருக்குத் தெரியும். பின்னால் நான்கு பேர் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேசம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந் தம்பி பங்கு சாமி,” என்றார் ஏழுமலை. “மரத்துல இன்னா வந்தாலும் அதுல தேசம்மாவுக்கு அரைப் பங்கு கீது.”

மாஜிஸ்ட்ரேட் எழுதிக்கொண்டார். அன்று பிற்பகலே ஆறு பேரும் விடுவிக்கப்பட்டார்கள்.

படியிறங்கும்போது அவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. ஏழுமலை முன்னால் போய்க்கொண்டே தேசம்மாளிடம் சொன்னார். “ரெண்டு வருசத்துப் பாக்கிய எல்லாம் கேட்டுகினு வந்துடாத. பேஜாராயிடும்.”

“யாரு கேட்டா? நாளைலருந்து குடு.”

“குடுக்கறேன்.”

“சாமி எயுதிகினாரு.”

“எயுதிகினாரு, எயுதிகினாரு. நானும்தான் பாத்தேன்.”

முதுகைக் காட்டி நின்றது

பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவு. ஸ்டேஷன் எழுத்தர் எல்லாவற்றையும் ஏழுமலை பெயரில் ஒரே ரசீதாக எழுதப் பார்த்தார், தாள் மிச்சமாகும் என்று. யார் கையிலிருந்து எடுத்தோமோ அவர் கையில் கொடுக்க வேண்டும் என்ற விதியை அவருக்கு எடுத்துக் காட்டினேன். ஆறு ரசீதுகள் ஆயின. பூட்டு மட்டும் எங்கள் அலுவலகத்தில் பெறப்பட்டதால் அதை நானே நேரில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பிறகு ஞானமுத்து அண்ணாச்சி ஆறு பேரிடமும் தனித்தனியாகப் பேரம் பேசி ஒரு முழுத் துப்பாக்கியைச் சேர்த்து எடுக்கப் பட்ட பாட்டை அவர் இருந்த மட்டும் என்னிடம் சொல்லிக் குறைபட்டுக்கொண்டிருந்தார்.

நான் போனது ஒரு காலை நேரம். மரம் அப்போதுதான் கரையேறியிருந்தது. நான்கு வாரம் கழித்துப் போன கடல் தாராளமாகக் கொடுத்திருந்தது. ஈர மணலில் ஏழுமலை கூறு போட்டுக்கொண்டிருந்தார். வாளை, காரப்பொடி, நடுவில் சில நல்ல வஞ்சிரம். தேசம்மாள் கூடையோடு ஓரமாக நின்றாள். ரசீதில் கைநாட்டு வாங்கிப் பூட்டைக் கொடுத்தேன். கூடைக்குள் போட்டுக்கொண்டாள். அவள் கண் கூறுகளின்மேல் இருந்தது.

“சார், நல்ல நேரத்துல வந்த,” என்றார் ஏழுமலை. “இப்டி வா. கடலப் பாத்து நில்லு. நான் ஒவ்வொரு கூறாத் தொட்டு யாருக்குன்னு கேப்பேன். நீ திரும்பாம ஒரு பேரு சொல்லு. அத்த அவன் எட்த்துக்குவான். வெளி ஆளு சொன்னா எவனும் சண்ட போட முடியாது பாரு.”

ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றேன். அலை வந்து கால்சட்டை விளிம்பை நனைத்தது. எனக்குப் பின்னால் ஐந்து முழுக் கூறுகள் ஐந்து ஆண்களுக்கென்றும், பக்கத்தில் தனியாகச் சின்னதாக ஓர் அரைக் கூறு தேசம்மாளுக்கென்றும் இருந்தது எனக்குத் தெரியாது. அரைப் பங்குக்காரர்கள் இந்த ஆட்டத்தில் சேர்த்தி இல்லை என்பதையும் யாரும் சொல்லவில்லை.

“இது யாருக்கு?” என்றார் ஏழுமலை.

அந்தக் குப்பத்தில் அவருக்கு அடுத்தபடி எனக்கு நன்றாகத் தெரிந்த பெயர் ஒன்றுதான்.

“தேசம்மாளுக்கு,” என்றேன்.

அலை ஒருமுறை வந்து திரும்பியது. பின்னால் யாரோ ஒருவன் அடக்க முடியாமல் சிரித்தான். “அய்ய, வஞ்சிரக் கூறு நைனா!” என்றான் இன்னொருவன். திரும்பக் கூடாது என்று சொல்லியிருந்ததால் நான் திரும்பவில்லை.

“சார், அதுக்கு அரை...” என்று ஏழுமலை தொடங்கினார்.

“சொன்னது சொன்னதுதான் மாமா,” என்றது தேசம்மாளின் குரல். அவள் மணலில் மண்டியிட்டுக் கூடையைச் சாய்ப்பதும், மீன்கள் ஒவ்வொன்றாக அதில் விழுவதும் எனக்குக் கேட்டது. அவசரமில்லாமல் விழுந்தன. ஒன்றுகூட விடுபடவில்லை என்று நினைக்கிறேன்.

கூடை நிறையும்வரை ஏழுமலை அடுத்த கூறைத் தொடவில்லை. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்.

“இது யாருக்கு சார்? நல்லா யோசிச்சுச் சொல்லு.”